யாரைக் கேட்டு வெளியே வருவது?

வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டிய சாவர் நகரில், ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் 2013 ஏப்ரல் 23ஆம் தேதி விரிசல் விட்டது. யாருக்கும் தெரியாத மூலையில் விட்ட விரிசல் இல்லை. உள்ளே வேலை செய்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், பயந்து வெளியே ஓடி வந்தார்கள். சோதிக்க வந்த பொறியாளர் ஒருவர், கட்டடம் ஆபத்தான நிலையில் இருக்கிறது, யாரும் உள்ளே போகக் கூடாது என்று சொன்னார். மறுநாள் காலை அந்த ஒரே கட்டடத்துக்குள் இரண்டு விதமான முடிவுகள் எடுக்கப்பட்டன. அங்கிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கீழ்த்தளத்துக் கடைகள் திறக்கவில்லை. மேல் மாடிகளில் இருந்த ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மட்டும் வந்தார்கள், வாசலில் தயங்கி நின்றார்கள். வேலைக்கு ஏறாவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று மிரட்டி அவர்களை உள்ளே அனுப்பினார்கள். ஒன்பது மணியை நெருங்கும்போது கரண்ட் போனது. ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. சற்று நேரத்தில் கட்டடம் அடுக்கடுக்காகச் சரிந்து உட்கார்ந்துவிட்டது. 1,134 பேர் இறந்தார்கள்.

வங்கி ஊழியருக்கும் தையல் தொழிலாளிக்கும் தெரிந்திருந்த செய்தி ஒன்றுதான். அதே விரிசல், அதே பொறியாளரின் எச்சரிக்கை. தையல் தொழிலாளிக்கு ஆபத்து புரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. புரிந்ததால்தான் அவர் வாசலில் நின்றார். ஆனால் அவருடைய காலை உள்ளே வைப்பதா, வீட்டுக்குத் திருப்புவதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை. பணியிடப் பாதுகாப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை பொருள்கள்: சிவப்புத் தீயணைப்பான், மணல் வாளி, தலைக்கவசம், மாடிப்படி அருகே ஒட்டிய வரைபடம். இவை எல்லாம் வேண்டும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துள்ள பெரிய பணியிட விபத்துகளை வரிசையாக வைத்துப் படித்தால், இழப்பு இவ்வளவு பெரிதாவதற்கு முன்பு வேறொரு கேள்வி நின்றிருப்பது தெரிகிறது. ஆபத்து என்று தோன்றியதும் எழுந்து வெளியே போக, அங்கிருந்தவர் யாரைக் கேட்க வேண்டியிருந்தது? கேட்க வேண்டிய ஆள் எவ்வளவு தூரத்தில் இருந்தாரோ, அவ்வளவு பேர் இறந்திருக்கிறார்கள்.

ராணா பிளாசாவுக்கு ஐந்து மாதம் முன்பு, 2012 நவம்பர் 24 மாலை, டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் இருந்த தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. துணியும் நூலும் குவித்து வைத்திருந்த தரைத்தளத்தில்தான் தீ. அபாய மணி ஒலித்தது. கருவி தன் கடமையைச் சரியாகச் செய்தது. மேல் மாடிகளில் தொழிலாளர்கள் எழுந்தார்கள். ஒன்றுமில்லை, போய் உட்காருங்கள் என்று மேற்பார்வையாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். தைக்கும் மாடி எப்படி இருக்கும் என்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மெஷினுக்குப் பின்னால் மெஷினாக நீண்ட லைன், நடைவழியில் வெட்டிய துணிக்கட்டும் அட்டைப்பெட்டியும், கடைசியில் படிக்கட்டு, அதன் முன் இழுத்துப் பூட்டும் இரும்புக் கேட். செயற்கை இழைத் துணி எரியும்போது வரும் கரும்புகை படிக்கட்டின் வழியே புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறும். தீ மாடிக்கு வருவதற்கு வெகு முன்பே புகை வந்துவிடும். அதில் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்திருப்பதால், சில மூச்சுகளில் தலை சுற்றும், கால் தளரும், எந்தப் பக்கம் கதவு என்பதே மறந்துபோகும். ஆகவே மணி அடித்த முதல் சில நிமிடங்கள்தான் படிக்கட்டு படிக்கட்டாக இருந்த நேரம். அந்த நிமிடங்களை மெஷின் முன்னால் உட்கார வைத்துச் செலவழித்தார்கள். பிறகு தொழிலாளர்கள் ஜன்னல் கம்பியையும் எக்ஸாஸ்ட் ஃபேனையும் பெயர்த்துக் குதித்தார்கள். குறைந்தது 112 பேர் இறந்தார்கள்.

இதை ஏழை நாட்டின் கதை என்று ஒதுக்க முடியாது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் நியூயார்க் நகரின் ட்ரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் எட்டாவது மாடியில் தீ பிடித்தது. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்குத் தொலைபேசியில் தகவல் போனது. பத்தாவது மாடியில்தான் முதலாளிகளின் அலுவலகம். அவர்கள் கூரை வழியே தப்பினார்கள். இடையில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு, தையல் பெண்கள் நெருங்கி உட்கார்ந்திருந்த மாடிக்கு, யாரும் சொல்லவில்லை. தீயே நேரில் வந்துதான் சொன்னது. அங்கே படிக்கட்டுக்குப் போகும் இரண்டு கதவுகளில் ஒன்று பூட்டிக் கிடந்தது. வேலை முடிந்து போகும் பெண்கள் துணியைத் திருடிக்கொண்டு போகாதபடி, எல்லோரும் ஒரே கதவு வழியாகப் பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகப் போட்ட பூட்டு அது. சாவி வைத்திருந்த போர்மேன் வேறு வழியில் இறங்கிவிட்டிருந்தார். இருபது நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. 146 பேர் போனார்கள். எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் அந்தச் செய்தி ஒன்பதைத் தாண்டிப் போன பாதையைப் பாருங்கள். செய்தி முதலில் மேலே போகும், மேலே இருப்பவர் யோசிப்பார், பிறகு கீழே உத்தரவு வரும் என்ற ஏற்பாட்டில், இடையில் இருப்பவர்களுக்கு நேரம் மிஞ்சுவதே இல்லை.

இதைவிடக் கசப்பான பாடம் பைப்பர் ஆல்ஃபா. ஸ்காட்லாந்துக்கு வடகிழக்கே வட கடலில் நின்ற எண்ணெய் மேடை அது. 1988 ஜூலை 6 இரவு எரிவாயு கசிந்து வெடித்தபோது மேடையில் 226 பேர் இருந்தார்கள். இவர்கள் பயிற்சி இல்லாத தொழிலாளர்கள் இல்லை. பயிற்சி இருந்தது, அபாயம் என்றால் குடியிருப்புப் பகுதியில் கூடி, ஹெலிகாப்டருக்காகவும் உத்தரவுக்காகவும் காத்திருக்க வேண்டும் என்பதே அந்தப் பயிற்சி. பலர் அப்படியே உணவுக்கூடத்தில் போய்க் கூடினார்கள். கட்டுப்பாட்டு அறை முதல் வெடிப்பிலேயே போய்விட்டது, புகையில் ஹெலிகாப்டர் இறங்க வழியில்லை, உத்தரவு தர வேண்டியவரிடமிருந்து உத்தரவு வரவே இல்லை. பிழைத்த 61 பேரில் பலர் சொன்னதைக் கேட்காமல் கிளம்பியவர்கள்: கயிற்றைப் பிடித்து இறங்கியவர்கள், கடலில் குதித்தவர்கள். காப்பாற்ற வந்த இருவரையும் சேர்த்து 167 பேர் இறந்தார்கள். இன்னொரு கொடுமையும் அங்கே நடந்தது. பைப்பர் எரிவது தெரிந்தும், குழாயால் அதோடு இணைந்திருந்த பக்கத்து மேடைகள் தங்கள் பம்புகளை உடனே நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஆகும் நட்டத்துக்கு யார் பொறுப்பு என்ற தயக்கத்தில், எரியும் மேடைக்கு எண்ணெய் எதிர்த்துப் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்தும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே ஆள் இருந்தார். அழுத்தலாமா என்று கேட்க வேண்டியிருந்தது.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. 1977 மே 28 இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பெரிய கேளிக்கை விடுதி ஒன்று தீப்பற்றியது. நகைச்சுவை நிகழ்ச்சி நடந்துகொண்டிருந்த அரங்கில், மேசையைத் துடைத்துத் தட்டு எடுக்கும் 18 வயதுப் பையன் மேடையில் ஏறி, மைக்கை வாங்கி, வெளியேறும் வாசல்களைக் கையால் காட்டி, எழுந்து போகச் சொன்னான். அந்த விடுதியில் அவனுக்குக் கீழே யாரும் இல்லை. 165 பேர் இறந்த அந்த இரவில் நூற்றுக்கணக்கானவர்கள் அவன் பேச்சைக் கேட்டுப் பிழைத்தார்கள். 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் வடக்குக் கோபுரம் தாக்கப்பட்டதும், தெற்குக் கோபுரத்தின் ஒலிபெருக்கியில் இந்தக் கட்டடத்துக்கு ஆபத்தில்லை, இடத்துக்குத் திரும்புங்கள் என்று அறிவித்தார்கள். திரும்பியவர்கள் உண்டு. அந்தக் கோபுரத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்த ரிக் ரெஸ்கோர்லா, அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் தன் நிறுவனத்தின் ஏறத்தாழ 2,700 பேரையும் இறங்கச் சொன்னார். 1993இல் அதே வளாகத்தில் குண்டு வெடித்த நாளிலிருந்து அவர் விடாமல் ஒத்திகை நடத்தியவர். வேலை கெடுகிறது என்ற முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே நடத்தியவர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வீடு போய்ச் சேர்ந்தார்கள். மிச்சம் இருந்தவர்களைத் தேடி மீண்டும் மேலே ஏறிய அவர் திரும்பவில்லை. ஒத்திகையின் பயன் படிக்கட்டைக் காட்டிக் கொடுப்பதில் மட்டும் இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. மணி அடித்தால் எழலாம், எழுந்தால் யாரும் திட்ட மாட்டார்கள் என்பதை உடம்புக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது அது. அனுமதியை ஆபத்து நாளில் கேட்க நேரம் இருக்காது. சாதாரண நாளில் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

நம் சட்டம் இதை எங்கே வைத்திருக்கிறது? 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தீ நேர்ந்தால் தப்பும் வழி எல்லாத் தொழிலாளருக்கும் தெரிந்திருக்க வேண்டும், பயிற்சியும் தரப்பட்டிருக்க வேண்டும் என்று 38ஆம் பிரிவில் தெளிவாகச் சொன்னது. போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு, 1987இல், அபாயகரமான தொழில்களுக்கென்று ஒரு புது அத்தியாயம் சேர்த்தார்கள். அதில் 41எச் என்ற பிரிவு தொழிலாளிக்கு ஓர் உரிமை தந்தது: உயிருக்கு உடனடி ஆபத்து வரும் என்று தோன்றினால் நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் சரிசெய்ய வேண்டும். ஒப்புக்கொள்ளாவிட்டால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அனுப்ப வேண்டும். ஆய்வாளர் சொல்வதே முடிவு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் இந்தத் தடத்தில்தான் போகிறது. வரிகளைத் திரும்பப் படியுங்கள். சொல்லும் உரிமை இருக்கிறது. சொல்லிவிட்டு, பதில் வரும்வரை தொழிலாளி எங்கே நிற்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. உலகத் தொழிலாளர் அமைப்பு 1981லேயே தன் 155ஆம் உடன்படிக்கையில், உயிராபத்து என்று நம்ப நியாயமான காரணம் இருந்து வேலையை விட்டு விலகியவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று எழுதிவிட்டது. சொல்வதற்கும் விலகுவதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் சாவர் வாசலில் நின்ற பெண்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இந்த உரிமையைக் கையில் கொடுத்தால் ஆள் ஆளுக்கு எழுந்து போய்விடுவார்கள், உற்பத்தி என்ன ஆவது என்று நிர்வாகத் தரப்பில் கேட்பார்கள். நேர்மையான கவலைதான். ஆனால் சான்று வேறு விதமாக இருக்கிறது. ராணா பிளாசாவுக்குப் பின் 2013இல் உலகத் துணி வணிக நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வங்கதேசத்துக்காகக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், பாதுகாப்பற்ற கட்டடத்துக்குள் நுழையவோ தங்கவோ மறுக்கும் உரிமை, சம்பள இழப்பு இல்லாமல், எழுத்தில் வந்தது. அதன் பிறகு அந்த நாட்டு ஆடைத் தொழில் படுத்துவிடவில்லை. அடுத்த ஆண்டுகளில் ஏற்றுமதி வளரவே செய்தது. பீஸ் ரேட்டில் வேலை செய்பவர் எழுந்து போனால் நட்டம் அவருக்குத்தான் முதலில். அவர் சும்மா எழுவார் என்று நினைப்பதற்குக் காரணமே இல்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். டொயோட்டா கார் தொழிற்சாலைகளில், ஒரு பாகம் சரியாகப் பொருந்தவில்லை என்றால் லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் தலைக்கு மேல் தொங்கும் கயிற்றை இழுத்து உற்பத்தியை நிறுத்தச் சொல்லலாம். உலகமே அதைத் தரத்துக்கான உயர்ந்த முறை என்று பாராட்டி, நகலெடுத்தது. காருக்குக் குறை வந்தால் வேலையை நிறுத்த நம்பப்படும் கை, ஆளுக்கு ஆபத்து வந்தால் மட்டும் நம்பத் தகாததாக எப்படி ஆகும்?

எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடினால் நெரிசலில் சாவார்களே என்பது அடுத்த கேள்வி. இந்தப் பயத்தால்தான் பல இடங்களில் செய்தியை அடக்கி வைக்கிறார்கள். பேரிடர்களை வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த சமூகவியலாளர் குவாரன்டெல்லியும் அவர் வழி வந்தவர்களும் திரும்பத் திரும்பக் கண்டது இதற்கு நேர்மாறானது. ஆபத்தில் மனிதர்கள் வெறி பிடித்து ஓடுவது அரிது. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிறார்கள், பையைத் தேடுகிறார்கள், இது உண்மைதானா என்று இன்னொருவரைக் கேட்கிறார்கள். அவர்களுடைய குறை வேகம் அல்ல, தாமதம். நெரிசல் வருவது வழி பூட்டியிருக்கும்போது, வழி ஒன்றே ஒன்றாக இருக்கும்போது, செய்தி பிந்தி வந்து எல்லோரும் கடைசி நிமிடத்தில் கிளம்பும்போது. போபாலில் 1984 டிசம்பர் 2 நள்ளிரவு, ஆலையிலிருந்து விஷவாயு கசிந்தபோது, ஊருக்கான சங்கைச் சிறிது நேரம் ஒலித்துவிட்டு நிறுத்தினார்கள். அக்கம்பக்கத்தைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது அங்கே இருந்த வழக்கம். ஊர் தூங்கிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டி எழுந்த பிறகுதான் ஜனங்கள் ஓடினார்கள்.

அதே போபாலிலிருந்தே என் வாதத்துக்கு வலுவான மறுப்பும் வருகிறது, அதைத் தள்ளிவிட முடியாது. ஓடுவது எப்போதும் சரியில்லை. ஆலைக்குள் இருந்த தொழிலாளர்கள் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்த் திசையில் போனார்கள், பெரும்பாலோர் தப்பினார்கள். வெளியே இருந்தவர்களுக்கு அது தெரியாது; வாயு போன திசையிலேயே பலர் ஓடினார்கள், ஓடியதால் மூச்சு வாங்கி அதிகமாக உள்ளிழுத்தார்கள். முகத்தில் ஈரத் துணி போட்டுக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரிகூட அவர்களுக்கு முன்னதாகச் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஆக, வெளியேறும் உரிமை மட்டும் போதாது. எந்த ஆபத்துக்கு எந்தப் பக்கம் என்ற அறிவும் அதோடு போக வேண்டும். தீ என்றால் கீழே, லிப்டைத் தொடாமல், புகைக்கு அடியில் குனிந்து, மூடிய கதவைத் திறக்கும் முன் புறங்கையால் சூடு பார்த்து. வாயு என்றால் காற்றுக்குக் குறுக்கே அல்லது எதிரே. பாய்லர், உலை, ரசாயனக் கலன் போன்றவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போனால் ஆபத்து பெருகும் என்பதும் மெய்தான். அங்கே யார் நின்று அணைப்பது, எத்தனை நிமிடம் நிற்பது என்று பேரைக் குறித்து வைக்க வேண்டும். அப்படிக் குறிக்கப்பட்டவருக்கு, கேட்காமல் நிறுத்தும் அதிகாரம் இன்னும் அதிகமாக வேண்டும் என்பதற்கு வட கடல் சாட்சி.

நம் ஊர் விபத்தொன்று கற்பிப்பது வேறு. சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று பட்டாசு ஆலையில் தீ விபத்து. பட்டாசு ஆலைகளில் அறைகளைத் தள்ளித் தள்ளிக் கட்டுவதும், ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரம்பு வைப்பதும், ஓர் அறை போனால் அடுத்தது போகாமல் இருக்கத்தான். அன்று முதல் வெடிப்புக்குப் பிறகு சுற்றுப்புற ஊர்க்காரர்கள் உதவிக்கும், என்ன ஆயிற்று என்று பார்க்கவும் ஓடி வந்தார்கள். பிறகு நிகழ்ந்த பெரிய வெடிப்பில் சிக்கினார்கள். அன்று இறந்த 35க்கும் மேற்பட்டவர்களில் அப்படி வந்தவர்கள் பலர். கூப்பிடாமல் ஓடி வந்த அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். வெந்துபோனவரைத் தூக்க ஓடுவதை எந்தச் சட்டமும் தடுக்க முடியாது. ஆனால் உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கிறது, அடுத்து எந்த அறை பிடிக்கும் என்பது தெரிந்த ஒருவர் வாசலில் நின்று மறித்திருந்தால், எத்தனையோ வீடுகள் பிழைத்திருக்கும். ஆபத்திலிருந்து விலகுவதோடு வேலை முடிவதில்லை. திரும்பிப் போகாமல் இருப்பதையும், வருகிறவரைத் தடுப்பதையும் யாராவது ஒருவருடைய பொறுப்பாக முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

திரும்பிப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்துக்காகப் போகிறார்கள்: உள்ளே இன்னும் யாரோ இருக்கிறார்கள். அந்த யாரோ உண்மையில் இருக்கிறாரா என்று சொல்ல ஆள்கணக்கு வேண்டும். கம்பெனி மஸ்டரில் பெயர் இருப்பவரை எண்ணிவிடலாம். காண்டிராக்ட்டில் வந்தவர், உள்குத்தகை எடுத்தவர் கூட்டி வந்தவர், இன்று ஒரு நாள் மட்டும் லோடு இறக்க வந்தவர், கேன்டீன் பெண், இவர்கள் எந்த நோட்டில் இருக்கிறார்கள்? ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து தமிழ்நாட்டு ஆலைகளில் வேலை செய்பவர்களுக்குச் சுவரில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அறிவிப்பு வெறும் கோடு. ஒத்திகையில் அவர்கள் மொழியில் ஒரு முறை சொல்லி, அவர்கள் காலாலேயே அந்தப் படிக்கட்டில் ஒரு முறை இறங்கியிருந்தால் அறிவிப்பே தேவையில்லை. கூடுமிடத்தில் பெயர் கூப்பிடும்போது அவர்கள் பெயரும் வர வேண்டும்.

பொய் மணி அடித்தால் என்ன செய்வது என்ற கேள்வி எப்போதும் கடைசியில் வரும். அடித்த மணி பொய்யா மெய்யா என்று கண்டுபிடிக்கும் வேலையை மாடியில் இருப்பவர் செய்யக் கூடாது. வெளியே நின்றபடி செய்ய வேண்டும். தஸ்ரீனில் மேற்பார்வையாளர்கள் மாடியிலேயே முடிவு செய்தார்கள். அடிக்கடி பொய்யாக அடிக்கிறது என்றால் சரிசெய்ய வேண்டியது கருவியை. ஆட்களை மணியை மதிக்காமல் இருக்கப் பழக்குவது அல்ல. ஒரு ஷிப்டில் பதினைந்து நிமிடம் போகும். போகட்டும்.

ஆகவே ஒத்திகையை எப்படி நடத்துவது என்பதில் ஒரு சிறு மாற்றத்தைக் கேட்கிறேன். இப்போது நடக்கும் இடங்களில் மேலாளர் நேரம் குறிப்பார், எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும், போட்டோ எடுத்துக் கோப்பில் வைப்பார்கள். அதற்குப் பதிலாக, மணியை அடிக்கும் பொறுப்பைச் சுற்று முறையில் ஹெல்பர்களிடம் கொடுக்கட்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண் ஒருத்தி, யாரிடமும் சொல்லாமல், தனக்குத் தோன்றிய நேரத்தில் கண்ணாடியை உடைத்துப் பொத்தானை அழுத்தட்டும். லைன் சூப்பர்வைசரும் மேலாளரும் மற்றவர்களோடு சேர்ந்து படி இறங்கி, மர நிழலில் நின்று, பெயர் கூப்பிடும்போது இருக்கேன் என்று சொல்லட்டும். அந்த மாதச் சம்பளக் கணக்கில் அந்தப் பதினைந்து நிமிடத்துக்கும் கூலி சேர்ந்து வரட்டும், பீஸ் ரேட்காரர்களுக்கும்.